அம்மாவைப் பார்ப்பவர் டாக்டர் இல்லை என்றால்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 68 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஏழு வருடமாக அமெரிக்காவில் உங்களோடு இருக்கிறார், முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் வந்துவிட்டது. வழக்கமான டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டால் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். “நர்ஸ் பிராக்டிஷனர் பார்ப்பார் என்றால் வியாழக்கிழமையே வரலாம்” என்றார்கள், போனீர்கள். பொறுமையாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து “டாக்டரைப் பார்க்கப் போய் நர்ஸைப் பார்த்துட்டு வந்தோமே” என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு, தன்னை எப்போதும் பிசிஷியன் அசிஸ்டென்ட்தான் பார்க்கிறார் என்று சொல்லிக் குழப்பிவிட்டார். இவர்கள் யார், இவர்களிடம் அம்மாவை விடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் பதினொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தேன். இப்போது ஒன்பது வருடமாக ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனர். என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன் என்பதை மனதில் வைத்தே படியுங்கள். என் பதில், விடலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: தனக்குப் பிடிபடாத ஒன்று எதிரே வந்து உட்காரும்போது அவர் அதைக் கண்டுகொள்ள வேண்டும், அப்போது எழுந்து போய்க் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அறைக்குள் கூட்டிப்போய் எடை பார்த்து, கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தவர் பெரும்பாலும் மெடிக்கல் அசிஸ்டென்ட், நர்ஸ்கூட இல்லை. அப்புறம் வந்து உட்கார்ந்து பேசி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, மாத்திரை எழுதியவர்தான் நர்ஸ் பிராக்டிஷனர். அவர் நான்கு வருட நர்சிங் பட்டம் படித்து, லைசென்ஸ் பரீட்சை எழுதி, அதற்கு மேல் முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ வாங்கி, தேசிய அளவிலான இன்னொரு பரீட்சையும் எழுதியவர். நோயாளியைப் பரிசோதிப்பது, ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுப்பது, இன்ன நோய் என்று முடிவு செய்வது, மருந்து எழுதுவது, ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்புவது எல்லாம் அவர் வேலை. படிக்கும்போதே யாரைப் பார்க்கப் போகிறார் என்று பிரிந்துவிடும்: குடும்பம், குழந்தைகள், முதியோர், பச்சிளம் சிசுக்கள், பெண்கள் நலம், மனநலம். மனநலத்துக்குப் படித்த நர்ஸ் பிராக்டிஷனர் நாளைக்கே குழந்தைகள் கிளினிக்கில் போய் உட்கார முடியாது. அதற்குத் திரும்பப் படிக்க வேண்டும்.

பிசிஷியன் அசிஸ்டென்ட் வேறு வழியில் வருகிறவர். அவர் நர்சிங் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. ஏதாவது ஓர் இளங்கலைப் பட்டம், அதில் தேவையான அறிவியல் பாடங்கள், பலருக்கு ஆம்புலன்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்த அனுபவம். அதற்கு மேல் சுமார் 27 மாத முதுகலைப் படிப்பு. மருத்துவக் கல்லூரிப் பாடத்தையே சுருக்கி வைத்த மாதிரி இருக்கும்: ஏறக்குறைய ஒரு வருடம் வகுப்பு, அடுத்த வருடம் அறுவை சிகிச்சை, எமர்ஜென்சி, குழந்தைகள், மனநலம் என்று துறை துறையாகச் சுற்றி சுமார் 2,000 மணி நேரப் பயிற்சி. பொதுவாகப் படிப்பதால் துறை மாறுவது எளிது. எலும்பு டாக்டரோடு ஐந்து வருடம் இருந்தவர் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம், புதிதாகப் பட்டம் வாங்க வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜனுக்கு எதிரே நின்று உதவுகிறவராகவும், எமர்ஜென்சியில் வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுகிறவராகவும் பிசிஷியன் அசிஸ்டென்டை நிறையப் பார்க்கலாம். ‘அசிஸ்டென்ட்’ என்ற சொல்லை வைத்து எடுபிடி என்று எண்ணிவிட வேண்டாம். இந்தப் பெயர் பிடிக்காமல்தான் அவர்களுடைய தேசியச் சங்கம் 2021இல் ‘பிசிஷியன் அசோசியேட்’ என்று மாற்றிக்கொள்ளத் தீர்மானம் போட்டது.

இரண்டு தொழில்களும் ஒரே வருடத்தில், 1965இல் பிறந்தவை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதார நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார்கள். டாக்டர் எட்டிப் பார்க்காத கிராமங்களில் குழந்தைகளை ஏற்கெனவே நர்ஸ்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முறையாகக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று ஃபோர்டு கேட்டார். அவர் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில்தான் காலமானார். அதே 1965இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்து திரும்பிய நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் வகுப்பை ஆரம்பித்தார். 1967 அக்டோபர் 6 அன்று மூன்று பேர் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். மெடிகேரும் மெடிகெய்டும் சட்டமானதும் 1965இல்தான். கோடிக்கணக்கான முதியோருக்கும் ஏழைகளுக்கும் இன்சூரன்ஸ் வந்தது, பார்க்கத்தான் டாக்டர்கள் போதவில்லை.

இன்றும் போதவில்லை. 2036க்குள் 86,000 டாக்டர்கள் வரை பற்றாக்குறை வரலாம் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2024இல் கணித்தது. உங்களுக்குச் சொன்ன அந்த மூன்று மாதம் அதன் ஒரு துளி. இப்போது நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல், பிசிஷியன் அசிஸ்டென்டுகள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள்.

சரி, பயிற்சியில் எவ்வளவு வித்தியாசம்? நிறைய. மறைக்காமல் சொல்கிறேன். குடும்ப டாக்டர் ஒருவர் நான்கு வருட மருத்துவக் கல்லூரியும் ரெசிடென்சி என்ற மூன்று வருட ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடிக்கும்போது நோயாளிகள் பக்கத்தில் கழித்த நேரம் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிடும். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் வெகுகாலம் குறைந்தபட்சம் 500 மணி நேரம் இருந்தாலே போதும் என்று இருந்தது. 2022இல் வந்த புதிய தரநிர்ணயம் அதை 750 ஆக்கியது. அதற்கு முந்தைய வார்டு அனுபவம் இந்தக் கணக்கில் வராது. எனக்கு அது பதினொரு வருடம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு ஒருவருடைய முகம் மாறுவதைப் பார்த்தே ‘இவருக்கு ஏதோ சரியில்லை’ என்று சொல்லும் பழக்கம் அங்கேதான் வந்தது. ஆனால் இப்போது சில படிப்புகளில் நர்ஸாகச் சரியாக வேலையே பார்க்காதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பாடமெல்லாம் ஆன்லைனில், பயிற்சிக்கு இடம் மட்டும் நீயே தேடிக்கொள் என்கிறார்கள். இது தவறு. என் தொழிலின் மேல் எனக்கு இருக்கும் மதிப்பினாலேயே இதைச் சொல்கிறேன்.

நாங்கள் எதில் நன்றாக இருக்கிறோம் என்று ஒரு நோயாளியை வைத்துக் காட்டுகிறேன். எழுபதைக் கடந்த தமிழ் அம்மா ஒருவர் வந்தார். இரண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. அவசரத்துக்குப் போன வேறோர் இடத்தில் நீர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டதிலிருந்து இரவில் நாலைந்து முறை எழுந்து பாத்ரூம் போகிறார், ஒரு முறை தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் மறுநாள் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எங்கள் கிளினிக்கில் எழுதிய அம்லோடிபின் 10 மில்லிகிராம் பாட்டில் இருந்தது. கூடவே, ஊரிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த அட்டை ஒன்று. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 என்று இருந்தது. “அது இங்கத்தது, இது நம்ம டாக்டர் கொடுத்தது” என்று இரண்டையும் தினமும் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே மருந்து 15 மில்லிகிராம். அதற்கு உச்ச அளவே 10தான். கால் வீக்கம் அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவுக்குத்தான் நீர் மாத்திரை போயிருக்கிறது. நீர் மாத்திரையை நிறுத்தி, அம்லோடிபினைக் குறைத்து, அட்டையை ஓரம் வைத்து, வாராவாரம் பிரஷர் பார்க்க வரச் சொன்னேன். மூன்றாவது வாரம் வந்தபோது காலில் வார் தடம் இல்லை.

இதற்கு அபூர்வமான மருத்துவ அறிவு எதுவும் தேவைப்படவில்லை. பையைக் கொட்டிப் பார்க்க இருபது நிமிடம் தேவைப்பட்டது. நாள்பட்ட நோய்களில் பெரும்பகுதி இப்படித்தான்: சுகர் ஏன் ஏறுகிறது, இன்சுலின் ஊசியை எங்கே போடுகிறார், மாத்திரை தீர்ந்ததும் வாங்கினாரா, பாதத்தில் புண் இருக்கிறதா என்று சாக்ஸைக் கழற்றிப் பார்த்தோமா. நல்ல நர்ஸ் பிராக்டிஷனருக்கும் நல்ல பிசிஷியன் அசிஸ்டென்டுக்கும் இது கைவந்த வேலை.

இப்போது மறுபக்கம். இந்த வேலையில் என் இரண்டாம் வருடம். 72 வயதுப் பெண்மணி, பத்து நாளாக இடது நெற்றிப்பொட்டில் வலி, அதற்கு முந்தைய வாரம் ஜலதோஷம். சைனஸ் என்று முடிவு செய்து மருந்து எழுதிக்கொண்டிருந்தேன். கிளம்ப எழுந்தவர், “சீப்பு பட்டாலே தலை எரியுது” என்றார். அது சைனஸோடு ஒட்டவில்லை. என்னவென்றும் எனக்குத் தெரியவில்லை. அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த அறை டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சாப்பிடும்போது தாடை வலிக்குதா?” நான் அதைக் கேட்டிருக்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். ஆமாம், மென்றுகொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி இளைப்பாற வேண்டியிருக்கிறது என்றார். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் வரும் அழற்சி அது. விட்டால் கண் பார்வை போய்விடும், போனால் திரும்பாது. அன்றே ரத்தம் எடுத்து, பயாப்ஸி என்ற திசுச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு தொடங்கினோம். பயாப்ஸியும் பிறகு அதையே உறுதி செய்தது. அவர் பார்வை தப்பியது.

அந்த டாக்டர் ரெசிடென்சியிலேயே இப்படி நாலைந்து பேரைப் பார்த்தவர். பத்தாயிரம் மணி நேரம் என்று மேலே எழுதினேனே, அதன் பொருள் அந்த ஒற்றைக் கேள்வி. அன்று அடுத்த அறை காலியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் தொடக்கத்தில் அந்த நிபந்தனையைச் சொன்னேன்.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதே இரண்டு பக்கத்தையும் காட்டுகின்றன. 2000இல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வு 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் சிலரை நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் சிலரை டாக்டர்களிடமும் அனுப்பிப் பார்த்தது. ஆறு மாதம் கழித்து சுகர், ஆஸ்துமா, பிரஷர், திருப்தி எதிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த பிந்தைய தொகுப்புகளும் முதல்நிலை மருத்துவத்தில் இதையேதான் சொன்னன. ஆனால் 2022இல் டேவிட் சான், யிக்குன் சென் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள், முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளின் எமர்ஜென்சி பிரிவுகளைப் பார்த்தார்கள். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்தவர்கள் எமர்ஜென்சியில் 11 சதவீதம் கூடுதல் நேரம் இருந்தார்கள். தவிர்த்திருக்கக்கூடிய ஆஸ்பத்திரி அனுமதிகள் 20 சதவீதம் கூடின. நோய் சிக்கலாக ஆக இடைவெளி அதிகமானது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு டாக்டருக்கும் இன்னொரு டாக்டருக்கும், ஒரு நர்ஸ் பிராக்டிஷனருக்கும் இன்னொருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு, இரண்டு தொழில்களுக்கும் இடையே இருந்ததைவிடப் பெரியது. பெயர் தெரிந்த நோயைத் தொடர்ந்து கவனிப்பது ஒரு வேலை, என்னவென்றே தெரியாமல் வாசலில் வந்து விழும் நோயைப் பிரித்தறிவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் எந்த டாக்டரோடும் ஒப்பந்தம் இல்லாமல் தனியாகவே கிளினிக் நடத்தலாம். நியூயார்க் 2022இல் அந்தப் பக்கம் வந்தது. டெக்சாஸில் மருந்து எழுத டாக்டர் ஒருவரோடு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். பிசிஷியன் அசிஸ்டென்டுகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஏதாவது ஒரு வகையில் டாக்டர் இணைப்பு உண்டு. ஆனால் காகிதத்தில் ஒப்பந்தம் இருப்பதும் பக்கத்து அறையில் ஆள் இருப்பதும் ஒன்றல்ல. மாதம் ஒரு முறை சில கோப்புகளைப் புரட்டிக் கையெழுத்துப் போடும் ‘மேற்பார்வை’யும் உண்டு. சட்டப்படி தனியாக இயங்க உரிமை இருந்தும் தினம் இரண்டு முறை டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கிறவர்களும் உண்டு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் பிராக்டிஷனரோ பிசிஷியன் அசிஸ்டென்டோ தம் பெயரில் பில் போட்டால், டாக்டருக்குக் கொடுப்பதில் 85 சதவீதத்தை மெடிகேர் கொடுக்கும். டாக்டர் ஏற்கெனவே தொடங்கிய சிகிச்சையின் தொடர்ச்சியாக, அவர் மேற்பார்வையில் பார்த்தால் டாக்டர் பெயரிலேயே முழுத் தொகைக்குப் பில் போடவும் வழி உண்டு. ஆகவே பில்லில் டாக்டர் பெயர் வந்தால் பதற வேண்டாம். இந்த விதிகளில் சில வேடிக்கையாகவே இருக்கும். உங்கள் அம்மாவுக்கு நான் இன்சுலின் எழுதலாம். ஆனால் சுகர் நோயாளிகளுக்கு மெடிகேர் தரும் பாதம் காக்கும் ஷூவுக்குச் சான்று, பொதுவாக அவர் சுகரைக் கவனிக்கும் டாக்டரின் கையெழுத்தோடு போக வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்து, அதற்குள் கால் விரலில் புண்ணோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ஷூ தேவைப்பட்டால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் வருத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் இது பெரிய விவகாரமே ஆனது. அங்கே ‘பிசிஷியன் அசோசியேட்’ என்று அழைக்கப்பட்ட பிசிஷியன் அசிஸ்டென்ட் பார்த்ததை டாக்டர் பார்த்ததாக நினைத்துக்கொண்டே இருந்த நோயாளிகள் உண்டு, அதில் உயிர் போனதும் உண்டு. அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் பேராசிரியர் கில்லியன் லெங் 2025 ஜூலையில் கொடுத்த அறிக்கை, பெயரைத் திரும்ப ‘அசிஸ்டென்ட்’ என்றே மாற்றச் சொன்னது. நோய் என்னவென்று யாரும் இன்னும் பிரித்துப் பார்க்காத நோயாளிகளை இவர்கள் முதலில் பார்க்கக்கூடாது என்றும் சொன்னது. நான் அறைக்குள் நுழைந்ததும் பெயரைச் சொல்லி, “நான் நர்ஸ் பிராக்டிஷனர், டாக்டர் இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். யாராவது சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் இன்னொன்றும் கேளுங்கள்: “உங்களுக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?” நல்லவர்கள் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள், அவர் எந்த நாளில் இருப்பார் என்றும் சொல்வார்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கிளினிக் பாருங்கள். சுகர், பிரஷர், கொலஸ்டிரால், தடுப்பூசி, சாதாரணக் காய்ச்சல், மாத்திரை மாற்றம் இவற்றுக்கெல்லாம் அவரிடமே தைரியமாகப் போகலாம். ஒரே தொல்லைக்கு மூன்றாவது முறை போயும் காரணம் பிடிபடவில்லை, காரணமில்லாமல் எடை குறைகிறது, இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து தகராறு செய்கின்றன, புதிதாகக் கை கால் மரத்துப்போகிறது என்றால், “டாக்டரும் ஒரு முறை பார்த்துவிடட்டும்” என்று சொல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது என்றால் கிளினிக்கே வேண்டாம், அவசர எண் 911ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த வியாழக்கிழமைக்கு அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே வாங்கிய பாட்டில், ஊரிலிருந்து வந்த அட்டை, கஷாயப் பொடி, மூட்டு வலித் தைலம், கேட்டால் திட்டுவார்களோ என்று அலமாரிக்குள் வைத்திருப்பதும்கூட. மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து, “இது எதுக்கும்மா போடுறீங்க?” என்று அவர் கேட்கிறாரா என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.